தரைக்கடியில் ஒழுகும் பைப்பு: கோல்ஃப் மைதானத்திலிருந்து விக்கிரமங்கலம் வரை

வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிய காலத்தில் ஒழுகலைத் தேட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. மடை உடைஞ்சா கண்ணுக்குத் தெரியும். மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போய் அடைச்சுடலாம். வழியெல்லாம் மண் குடிச்சது போகத்தான் கடைசிக் கொல்லைக்குத் தண்ணி போய்ச் சேரும், அது வேற விஷயம். ஆனா எங்கே போகுதுன்னாவது தெரியும். பி.வி.சி. பைப்பை ரெண்டடி ஆழத்தில் புதைச்ச பிறகு அந்த நஷ்டம் பெரும்பாலும் நின்னுபோச்சு. மிச்சமிருக்கிற நஷ்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியாததா மாறிடுச்சு.

இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், விக்கிரமங்கலத்தில் ரெண்டு பங்காளிகளுக்கு நடுவில் கிடந்த ஒரு வழக்கு. (விக்கிரமங்கலம்னு தேடினா மதுரைப் பக்கத்து ஊரும் வரும். நான் சொல்றது அரியலூர் மாவட்டத்து ஊர்.) ஒரே போர், ஒரே மோட்டார், முறை வெச்சுப் பாய்ச்சல். மேல்கொல்லைக்காரருக்கு ஒரு நாள், கீழ்கொல்லைக்காரருக்கு ஒரு நாள். ரெண்டு வருஷமா கீழ்கொல்லைக்காரர் ஒரே புகாரைச் சொல்லிட்டு இருந்தார்: "முன்னெல்லாம் ஒரு முறையில முடிஞ்ச மக்காச்சோளம் இப்போ முடியல. நான் பாய்ச்சுறப்ப மேல எவனோ வாயைத் திறந்து விடுறான்." 'எவனோ' யாருன்னு ரெண்டு வீட்டுக்கும் தெரியும். பேச்சுவார்த்தை நின்னுபோய், கடன் வாங்கித் தனி போர் போடுறதுன்னு முடிவு எடுக்கிற அளவுக்குப் போயிடுச்சு.

என் பெரியப்பா மகன், அண்ணன், வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பைப் வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்தவர். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில் இருந்திருப்பார், அதில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. ஆனா அங்கே அவர் செஞ்ச வேலை முழுக்க முழுக்க இதுதான்: புல்லுக்கு அடியில் ஓடுற லைனில் ஒழுகலைத் தேடுறது. அந்த வித்தை நம்ம கொல்லைக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கோல்ஃப் பக்கத்தைப் பார்த்துடுவோம். பிரிட்டனுக்கு வெளியே பழைய கோல்ஃப் கிளப்புகளில் ஒன்று கல்கத்தாவில் 1829ல் தொடங்கியது. கொடைக்கானலில் 1895ல் வந்தது. இந்த மாதிரிப் பழைய மைதானங்கள் மழையையும் குளிரையும் நம்பி வளர்ந்தவை. பாலைவனத்தில் புல் வளர்க்கிற கதை வேறு. துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988ல் பச்சைப் புல்லோடு திறந்தபோது, அந்தப் புல்லை உயிரோடு வைத்திருந்தது தரைக்கடியில் இருந்த குழாய் வலைதான். 18 குழி மைதானம் ஒன்றில் கிலோமீட்டர் கணக்கில் லைன் ஓடும். நூற்றுக்கணக்கில் தெளிப்பான்கள் இருக்கும். ஒரு தெளிப்பான் ஒழுங்காகச் சுற்றவே 4, 5 கிலோ பிரஷர் வேண்டும். பம்ப் நிலையத்தில் 7 கிலோ, சில இடத்தில் அதற்கும் மேலே இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மெயின் லைன் எப்போதும் பிரஷரில் இருக்கும். தெளிப்பான் ஓடாத நேரத்திலும் தண்ணீர் குழாய்க்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும். நம்ம ஊர் லைன் அப்படி இல்லை. மோட்டாரை நிறுத்தினால் லைன் தளர்ந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம்தான் கடைசி வரைக்கும் வரப்போகிறது.

ஓட்டை வழியாக எவ்வளவு தண்ணீர் போகும் என்பதற்கு 17ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லி சொன்ன கணக்கே இன்னும் போதும். தண்ணீர் வெளியேறும் வேகம் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று 7 கிலோ பிரஷரில் இருந்தால் நிமிடத்துக்கு 9 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். 24 மணி நேரமும் பிரஷர் இருப்பதால் ஒரு நாளைக்கு 13,000 லிட்டரைத் தாண்டும். தீக்குச்சித் தலை நுழையும் ஓட்டைக்கு ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். கிளப்காரர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பது இதிலேயே புரியும்.

பிளாஸ்டிக் குழாயில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புக் குழாயில் துருப்பிடித்து விழுகிற ஓட்டை வட்டமாக இருக்கும், பிரஷர் ஏறினாலும் அளவு மாறாது. பி.வி.சி. பெரும்பாலும் நீளவாக்கில் கீறல் விடும். பிரஷர் ஏறினால் கீறல் வாய் திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். அதனால் பிரஷர் இரண்டு மடங்கானால் ஒழுகல் இரண்டு மடங்கைத் தாண்டியும் போகலாம். 1994ல் ஜான் மே என்பவர் இதை ஒழுங்கான கணக்காக எழுதினார். வட்ட ஓட்டைக்குப் பிரஷரின் அரைப்படி என்றால், வாய் திறக்கும் கீறலுக்கு ஒன்றரைப் படி வரை போகும் என்பது அதன் சாரம். நடைமுறையில் இதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கையால் தண்ணீர் ஊற்றி நிரப்பிப் பார்த்தால் ஒழுகாத குழாய், மோட்டார் போட்டதும் ஒழுகலாம்.

சரி, கோல்ஃப் மைதானத்தில் எப்படித் தேடுகிறார்கள்?

ஒழுகுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள அவர்கள் தரையைப் பார்ப்பதே இல்லை, பம்பைத்தான் பார்க்கிறார்கள். பெரிய பம்புகளோடு ஒரு சின்ன பம்ப் இருக்கும். லைனில் பிரஷர் குறைந்தால் மட்டும் ஓடி, நிரப்பிவிட்டு நின்றுவிடும். ஒழுகலே இல்லாத லைனில், தெளிப்பான்கள் ஓய்ந்திருக்கும் பகல் நேரத்தில் அதற்கு வேலையே இருக்கக் கூடாது. கால் மணிக்கு ஒரு தடவை ஓடினால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். "அந்தச் சின்ன மோட்டார் சத்தத்தை வெச்சே சொல்லிடுவோம் தம்பி. நேத்து ஏழு தடவை, இன்னிக்குப் பன்னெண்டு தடவைன்னா, சாப்பாட்டை வெச்சுட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்றார் அண்ணன்.

எங்கே ஒழுகுகிறது என்பதுதான் பெரிய வேலை. அதற்கு முதல் வழி, வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி லைனைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. எந்தத் துண்டை மூடியதும் சின்ன பம்ப் அடங்குகிறதோ, ஒழுகல் அந்தத் துண்டில். நகரங்களில் குடிநீர் வாரியக்காரர்கள் ராத்திரியில் செய்வதும் இதேதான். ஊர் தூங்கும் நேரத்தில் ஓடுகிற தண்ணீரில் பெரும்பங்கு ஒழுகல்தான் என்று வைத்துக்கொண்டு தெருத் தெருவாக மூடிப் பார்ப்பார்கள்.

அடுத்தது காது. பிரஷரில் ஓட்டை வழியாகச் சீறும் தண்ணீருக்குச் சத்தம் உண்டு. ஒரு கம்பியை வால்வு மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். இப்போது அதையே கருவியாக்கிவிட்டார்கள். லைனின் இரண்டு முனையிலும் உணரிகளை ஒட்டி, ஒரே சத்தம் இரண்டுக்கும் எவ்வளவு நேர வித்தியாசத்தில் வந்து சேருகிறது என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் 100 மீட்டர், குழாயில் சத்தத்தின் வேகம் நொடிக்கு 400 மீட்டர், வித்தியாசம் 0.1 நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.1 நொடியில் சத்தம் 40 மீட்டர் போகும். 100ல் 40ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 30. முதலில் கேட்ட உணரியிலிருந்து 30 மீட்டரில் தோண்டலாம். பார்க்க அழகான கணக்கு. ஆனால் அந்த 400 என்பது சரியாகத் தெரிய வேண்டும். உண்மையில் அது 450 என்றால் இடம் 27.5 மீட்டருக்கு நகர்ந்துவிடும். இரும்பில் சத்தம் நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடும், வெகுதூரம் மங்காமல் போகும். பி.வி.சி. சத்தத்தை விழுங்கிவிடும். அதனால் பிளாஸ்டிக் லைனில் உணரிகளை நெருக்கமாக வைத்தாக வேண்டும்.

காதும் கைவிட்டால் வாயு. லைனில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, 5 சதவீதம் ஹைட்ரஜனும் மீதி நைட்ரஜனும் கலந்த வாயுவை ஏற்றுவார்கள். அந்த விகிதத்தில் அது தீப்பிடிக்காது. ஹைட்ரஜனைவிட லேசான வாயு கிடையாது. ஓட்டை வழியாக வெளியே வந்து, மண்ணைத் துளைத்து நேராக மேலே வரும். தரையோரமாக ஒரு மோப்பக் கருவியை நடத்திக்கொண்டு போனால் கத்தும். நல்ல முறை, காசும் அதிகம். இதுபோக, சாயங்காலத்தில் வெப்பப் படம் எடுக்கும் கேமராவை ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டு ஈரமான குளிர்ந்த திட்டுகளைத் தேடுவதும் உண்டு. தரை ஊடுருவும் ரேடார் உண்டு. களிமண் பாங்கான ஈர மண்ணில் அந்த ரேடார் சீக்கிரம் மங்கிவிடும். நம்ம மாவட்டத்துக் கரிசலில் அதற்குச் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம்.

குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமில்லை. 2017ல் சாலி லெ பேஜ் என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர் பிரிட்டனின் தண்ணீர் நிறுவனங்களிடம் விசாரித்தபோது, 12 நிறுவனங்களில் 10 நிறுவனங்களின் ஆட்கள் வளைந்த கம்பியைப் பிடித்துக் குழாய் தேடும் பழக்கம் இன்னும் இருப்பதாகப் பதில் வந்தது. பெரிய சிரிப்பாகிப் போனது. சோதித்துப் பார்த்த இடங்களில் அந்தக் கம்பி, குருட்டாம்போக்கில் இடம் காட்டுவதைவிட நன்றாகக் காட்டியதில்லை. அனுபவசாலியின் கண் தரையில் எதையோ பார்த்துவிடுகிறது, பேர் மட்டும் கம்பிக்குப் போகிறது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போ விக்கிரமங்கலத்துக்கு வருவோம். போரிலிருந்து கடைசி அவுட்லெட் வரைக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர். 90 மில்லிமீட்டர் பைப், '4 கிலோ பைப்பு' என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அது. புதைத்துப் பதினஞ்சு வருஷம் ஆகிறது. வழியில் நாலு அவுட்லெட். ஒவ்வொரு அவுட்லெட்டைத் தாண்டியதும் மெயின் லைனில் ஒரு கேட் வால்வு. இந்த கேட் வால்வுதான் பெரிய அதிர்ஷ்டம், காரணம் பின்னால் வருகிறது.

கோல்ஃப் வித்தைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இங்கே முக்கால்வாசி உதவாது. சின்ன பம்ப் கிடையாது. மீட்டரும் கிடையாது. விவசாய இணைப்புக்கு இலவச மின்சாரம், பெரும்பாலான இணைப்புகளில் யூனிட் கணக்கே எடுப்பதில்லை. கிளப்புக்குக் கரண்ட் பில் காட்டிக்கொடுக்கும் ஒழுகலை நமக்குக் காட்டிக்கொடுக்க ஒரு காகிதமும் வராது. காதாலும் கேட்க முடியாது. கடைசியில் வாய் திறந்து கொட்டுகிற லைனில் பிரஷர் என்பது ஒன்றிரண்டு மீட்டர் தண்ணீர் உயரம்தான். அந்த அளவில் ஓட்டை சீறாது, சும்மா வடியும். பைப்போ பிளாஸ்டிக். கம்பியைக் காதில் வைத்தால் பக்கத்துக் கொல்லை டிராக்டர்தான் கேட்கும்.

தரையிலும் அடையாளம் இல்லை. பொதுவாகச் சித்திரை, வைகாசியில் நடந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால், தவளை கத்தினால், டிராக்டர் சக்கரம் ஒரு இடத்தில் மட்டும் அமுங்கினால் சந்தேகப்படலாம். (ஆனால் ஈரம் தெரியும் இடமே ஓட்டை இருக்கும் இடம் என்று நினைத்துத் தோண்டிவிடக் கூடாது. பைப் புதைக்க வெட்டிய பள்ளத்தில் மண் இளகலாகவே இருக்கும். தண்ணீர் அந்தப் பள்ளத்தோடு சரிவில் ஓடி, பத்திருபது மீட்டர் தள்ளிப் போய்த்தான் மேலே தலைகாட்டும். தோண்டுவதென்றால் ஈரத்துக்கு மேட்டுப் பக்கம் தோண்ட வேண்டும்.) இந்தக் கொல்லையில் அப்படி ஒன்றுமே இல்லை. அதனால்தான் எல்லாரும் ஒழுகல் இல்லை, திருட்டுதான் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அண்ணன் கேட்டது ரெண்டே சாமான்: ஒரு 200 லிட்டர் டிரம், ஒரு செல்போன். "மாமா, மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க. போர்ல தண்ணி மட்டம் இறங்கி ஒரு நிலைக்கு வரட்டும். அப்புறம் அளப்போம்" என்றார். ரெண்டு வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார். டிரம் நிரம்பும்போது 'நிறுத்து' என்று சொல்வது கீழ்கொல்லைக்காரர், போனை அழுத்துவது மேல்கொல்லைக்காரர் மகன். அளவு மேல் பின்னாடி யாரும் குறை சொல்லக் கூடாது இல்லையா.

அளக்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. ரெண்டாவது அவுட்லெட்டில் அளக்கும்போது, அதற்கு அப்பால் உள்ள மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மூடாமல் விட்டால் தண்ணீர் கீழேயும் போய் நின்று, கீழே இருக்கும் ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். எல்லா அவுட்லெட்டிலும் ஒரே மாதிரி அளவு வந்து, லைன் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மூடிவிட்டால் மேல்பகுதி மட்டும் தனியாக நிற்கும். பல கொல்லைகளில் இந்த நடு வால்வைக் காசை மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். புது லைன் போடுகிறவர்கள் அவுட்லெட்டுக்கு ஒன்றாவது போட்டுவிடுங்கள்.

மூன்று தடவை அளந்து சராசரி பார்த்தது இது. முதல் அவுட்லெட்டில் டிரம் நிரம்ப 36 வினாடி. ரெண்டாவதில் 36.5. மூணாவதில் 40.5. நாலாவதில் 41. கடைசியாகத் திரும்பவும் முதலாவதுக்கே வந்து அளந்தோம், அதே 36. போரில் தண்ணீர் இறங்கியதால் வந்த வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்ய அது.

பைப் நீளம் கூடினால் உராய்வு கூடி அளவு குறையத்தானே செய்யும் என்று கேட்கலாம். குறையும். ஆனால் எவ்வளவு? இந்த ஓட்டத்தில் 300 மீட்டர் பைப்பின் உராய்வு மூன்றரை மீட்டர் உயரத்துக்குச் சமம். மோட்டார் ஏற்கெனவே 60 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறது. அதோடு இந்த மூன்றரை சேர்ந்தால் ஓட்டத்தில் ரெண்டு மூணு சதவீதம் குறையலாம். அதாவது ஒரு வினாடி, அதுவும் நீளம் முழுக்கப் பரவலாக. 80 மீட்டர் இடைவெளியில் திடீரென்று 4 வினாடி விழுந்தால் அது உராய்வு இல்லை. கணக்குப் போட்டால் நொடிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே, நிமிடத்துக்கு 32 லிட்டர். ஆறு மணி நேரப் பாய்ச்சலுக்கு 12,000 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் திறக்கிற வாயே இல்லை. திருட முடியாத இடத்தில் தண்ணீர் காணாமல் போயிருந்தது.

மேல்கொல்லைக்காரர் ஒன்றும் பேசவில்லை. கீழ்கொல்லைக்காரர்தான், "அப்ப எங்கடா போவுது? ஒரு பொட்டு ஈரம் காணோமே" என்றார்.

80 மீட்டரையும் தோண்ட முடியாது. இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கொல்லை ரெண்டாவது அவுட்லெட்டிலிருந்து மூணாவதை நோக்கிச் சரிவு, நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில். மூணாவதுக்கு அப்பால் உள்ள வால்வை மூடி, லைனைத் தண்ணீரால் நிரப்பி, மோட்டாரை நிறுத்தினோம். ரெண்டாவது அவுட்லெட்டைக் காற்று நுழையத் திறந்து வைத்தோம். மூணாவது அவுட்லெட்டின் மூடியையும் கழற்றிவிட்டு, உள்ளே தண்ணீர் மட்டத்தைக் குச்சியால் அளந்துகொண்டே இருந்தோம். ஓட்டைக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் தண்ணீர் எல்லாம் ஓட்டை வழியாக வடிந்துவிடும். ஓட்டைக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை. எனவே மட்டம் இறங்கி இறங்கி, சரியாக ஓட்டையின் உயரத்தில் வந்து நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவுட்லெட் விளிம்பிலிருந்து 35 செ.மீ. கீழே நின்றது, அப்புறம் அசையவில்லை.

விளிம்பு தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆக, தண்ணீர் நிற்பது அங்குள்ள தரைக்கு 10 செ.மீ. கீழே. பைப் புதைந்திருப்பது 60 செ.மீ. ஆழத்தில். அப்படியானால் ஓட்டை இருக்கும் இடத்தில் தரைமட்டம், மூணாவது அவுட்லெட்டின் தரைமட்டத்தைவிட 50 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை எடுத்து, லைனோடு மேட்டை நோக்கி நகர்ந்துகொண்டே போனோம். 50 செ.மீ. உயரம் வந்த இடம் மூணாவது அவுட்லெட்டிலிருந்து 50 மீட்டரில் இருந்தது. லைன் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் போகும் என்பது ஒரு ஊகம்தான். ஆழத்தில் 3 செ.மீ. தப்பினால் இந்தச் சரிவில் இடம் 3 மீட்டர் தள்ளிப் போகும். அதனால் முன்னும் பின்னும் 3 மீட்டர் வைத்துக் கயிறு கட்டினோம். சமதளமான கொல்லையில் இந்த முறை சுத்தமாக வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கயிறு கட்டிய இடத்தைப் பார்த்ததும் மேல்கொல்லைக்காரர், "இது பழைய கெணறு தூத்த எடமாச்சே" என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, தண்ணீர் வற்றிய கிணற்றைக் கல்லும் ஓடும் போட்டு மூடியிருக்கிறார்கள். பைப் லைன் அந்தக் கிணற்றின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. தூர்த்த மண் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்க, அந்த இடத்தில் இருந்த கப்ளிங்கை விட்டு பைப் நழுவியிருந்தது. கட்டைவிரல் நுழையும் இடைவெளி. ஒழுகிய தண்ணீர் கல் இடுக்கு வழியாக நேராகக் கீழே இறங்கிவிட்டது. மேலே கோரை முளைக்க ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

ஏன் கப்ளிங்கில் விட்டது என்பதற்கு மண் அமுங்கியது மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். த்ரீ பேஸ் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த மோட்டார், காலியான லைனில் திடீரென்று தண்ணீரைத் தள்ளும். உள்ளே சிக்கிய காற்று அமுங்கி உதைக்கும். ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினாலும் அதே உதைதான். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரை ஒரே அடியாக நிறுத்தினால் பி.வி.சி. லைனில் எழும் அதிர்ச்சி 5 கிலோ பிரஷர் வரை போகலாம். பைப் தாங்குவதாகச் சொல்வது 4 கிலோ. பதினஞ்சு வருஷம் இப்படி உதை வாங்கிய ஒட்டு, கீழே மண்ணும் விலகினால் கழன்றுகொள்ளத்தான் செய்யும். போர் பக்கத்திலும் மேடான இடத்திலும் காற்றுப் போக ஒரு ஏர் பைப் நிறுத்துவது இதற்காகத்தான். நிறைய பேர் அதில் தண்ணி சிந்துதுன்னு மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

"பூமியிலேர்ந்து எடுத்தது பூமிக்கே போச்சு, இதுல என்ன நஷ்டம்?" என்று அங்கே ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், அதைச் சும்மா தள்ள முடியாது. தண்ணீர் ஆவியாகிவிடவில்லை, நிலத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் எடுத்தது ஆழத்துப் பாறை இடுக்கிலிருந்து, திரும்பப் போனது மேல்மண்ணுக்கு. அது ஆழத்துக்குப் போய்ச் சேர எத்தனை காலமாகுமோ. 12,000 லிட்டரை 60 மீட்டர் தூக்க, மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 5 யூனிட் கரண்ட் வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் அவ்வளவு. அதற்கு யாரும் பில் கட்டவில்லை என்பதால் அது செலவே இல்லை என்றாகிவிடாது. அதையெல்லாம்விட, கரண்ட் இருக்கிற சில மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தத் தூர்த்த கிணறு குடித்துக்கொண்டிருந்தது. கீழ்கொல்லைக்காரருக்கு அதுதான் மக்காச்சோளத்தின் கடைசி ஆறு பாத்தி.

அமுங்குகிற இடத்தில் மறுபடி கப்ளிங் போட்டால் மறுபடி கழலும். அதனால் கிணற்று விளிம்பைச் சுற்றி லைனை நாலு மீட்டர் தள்ளித் திருப்பி, 6 கிலோ பைப் போட்டு, ஒட்டு இல்லாத முழு நீளமாக அந்த இடத்தைத் தாண்ட வைத்தார் அண்ணன். ஒட்டும் இடத்தைத் துடைத்து, ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, கால் திருப்புத் திருப்பி அரை நிமிஷம் பிடித்துக்கொண்டார். மண் மூடுவதற்கு முந்தி ஒரு நாள் காய விட்டது. ரெண்டு நாள் கழித்து நாலாவது அவுட்லெட்டில் டிரம் 37 வினாடியில் நிரம்பியது.

செலவை ரெண்டு வீடும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள். தனி போர் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. பேச்சுவார்த்தை முழுசாக வந்துவிட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு வருஷமாக ஒருத்தரைத் திருடன் என்று சொன்னதை ஒரு கப்ளிங் எடுத்துப்போட்டுவிடாது.

பள்ளத்தை மூடும்போது அண்ணன் ஒரு வேலை செய்தார். பழைய மோட்டார் கேபிளிலிருந்து ரப்பர் உறையோடு ஒரு ஒயரை உருவி, புதுப் பைப்போடு சேர்த்துப் புதைத்து, ரெண்டு முனையையும் அவுட்லெட்டுப் பக்கத்தில் வெளியே விட்டார். பிளாஸ்டிக் பைப்பை எந்தக் கருவியாலும் எளிதில் தேட முடியாது. செம்பு ஒயர் கூடவே இருந்தால் அதில் சிக்னல் அனுப்பி, மேலிருந்து லைன் போகும் வழியைப் பிடித்துவிடலாம். கோல்ஃப் மைதானங்களில் இது சாதாரண வழக்கம். அப்புறம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் படம் வரைந்தோம். புளியமரத்திலிருந்து எத்தனை அடி, ஈ.பி. போஸ்ட்டிலிருந்து எத்தனை அடி, ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் எத்தனை வினாடி, தேதி. நோட்டு யார் வீட்டில் இருப்பது என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. கடைசியில் ரெண்டு பிரதி எழுதினோம்.